பல்லின் வேரில் சீழ்க்கட்டி

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி வகுப்பில் நிகழ்த்தப்பெற்ற உரை)



காலை முதல் சாலை, குடிநீர், ஏரி மராமத்து, வரி வசூல் ஆகியவை பற்றி இங்கே விரிவாகப் பேசினார்கள். அவற்றிற்கிடையே பல்லைப் பற்றியும் ஓர் உரையா என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். மாடு வாங்கச் சந்தைக்குச் செல்லும்போது, பல்லைப் பிடித்துப் பாராமல் நம்மில் எவரும் முன்பணம் கொடுப்பதில்லை. ஆனால், தம் வீட்டுப் பிள்ளையின் வாயை விளக்கு வெளிச்சத்தில் திறந்து பார்த்தவர் இந்த மன்றத்தில் எத்தனை பேர் என்று கேட்டால், கை தூக்குவோர் மிகச் சிலராகவே இருப்பர். பல்வலி வந்தால் ஒரு கிராம்பு, ஒரு மாத்திரை, இரண்டு நாள் பொறுமை. அதோடு அந்த விஷயத்தை மறந்துவிடுகிறோம்.

பல்வலியால் ஒருவர் இறந்துபோவது உண்டா? உண்டு. அரிதாக நிகழ்வது என்றாலும், நிகழும்போது மிக விரைவில் நிகழ்கின்றது. பல்லின் வேரில் தொடங்கிய சீழ், கழுத்தில் இறங்கி மூச்சுக் குழலை அடைத்துவிட ஒன்றிரண்டு நாட்களே போதும். அப்படி வந்து சேரும் நோயாளிகளை நாம் பெரிய மருத்துவமனைகளில் கண்டிருக்கிறோம். அவர்களிற் பெரும்பாலோர் பல மாதங்களுக்கு முன்பே வலியை உணர்ந்தவர்கள். வலி தானாக நின்றுவிட்டதால் நோய் தீர்ந்துவிட்டது என்று நம்பியவர்கள். இந்த நம்பிக்கை எவ்வாறு உண்டாகின்றது என்பதை முதலில் விளக்கிவிட்டால், இந்நோயைப் பற்றிய பாதி அறிவு உங்களுக்கு வந்துவிடும்.

வலி நின்றது ஏன்?

பல் வெறும் கல் அன்று. மேலே எனாமல் என்னும் கடினமான ஓடு. அதன் உள்ளே சற்று மென்மையான டென்டின் என்னும் பகுதி. நடுவில் இரத்தக் குழாய்களும் நரம்புகளும் நிறைந்த பற்கூழ். இந்தப் பற்கூழுக்கு வேரின் நுனியிலுள்ள மிகச் சிறிய துளை வழியாகவே இரத்தம் வந்து போகின்றது. நாம் உண்ணும் இனிப்பும் மாவுப் பண்டமும் பல்லிடுக்கில் தங்கும்போது, வாயில் இயல்பாக வாழும் கிருமிகள் அவற்றை உண்டு அமிலத்தை உண்டாக்குகின்றன. அந்த அமிலம் எனாமலை மெல்ல மெல்லக் கரைக்கின்றது. இதையே சொத்தை என்கிறோம். சொத்தையில் புழு இருப்பதாக இன்றும் சிலர் நம்புகின்றனர். கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை பிடித்து, பாத்திரத்தில் விழுவதைப் புழு என்று காட்டுவோரும் உண்டு. பல்லில் புழு என்பது கிடையாது என்று பிரான்சு நாட்டின் பியர் ஃபோஷார் 1728-ஆம் ஆண்டிலேயே தம் நூலில் எழுதிவிட்டார். கிருமிகளின் அமிலமே சொத்தைக்குக் காரணம் என்பதை மில்லர் என்னும் அறிஞர் 1890-இல் விளக்கினார்.

சொத்தை டென்டினை எட்டும்போது குளிர்ந்த நீரும் இனிப்பும் பட்டால் கூசும். இந்த நிலையில் பல்லை அடைத்துவிட்டால் செலவும் குறைவு, வேலையும் அரை மணி நேரத்தில் முடியும். அவ்வாறு செய்யாவிட்டால் கிருமிகள் பற்கூழை அடைகின்றன. உடம்பில் வேறெங்கே புண் வந்தாலும் அவ்விடம் வீங்குவதற்கு இடம் உண்டு. பற்கூழுக்கோ நான்கு புறமும் கற்சுவர் போன்ற பல். வீங்க இடமின்றி அது நெரிபடுகின்றது. இரவில் படுத்தவுடன் தலைக்கு இரத்தம் மிகுதியாக வருவதால், வலி பொறுக்க முடியாததாகிவிடும். ஊர் உறங்கும் நேரத்தில் தெருத் திண்ணையில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரின் நிலை இதுவே.

சில நாட்களில் அந்த வலி திடீரென நின்றுவிடும். பற்கூழ் அழுகி இறந்துவிட்டதே அதற்குக் காரணம். நரம்பு இறந்த பிறகு வலியை உணர்த்துவது எது? அன்று காலை அவர் மகிழ்ச்சியோடு வயலுக்குச் சென்றுவிடுகின்றார். இது முதல் ஏமாற்றம்.

இறந்த பற்கூழில் கிருமிகள் பெருகி, வேர் நுனித் துளை வழியாகத் தாடை எலும்பினுள் இறங்குகின்றன. சில வாரங்களிலோ, சில ஆண்டுகளிலோ அங்கே சீழ் கட்டுகின்றது. இப்போது பல் சற்று மேலெழுந்ததுபோல் தோன்றும். வாயை மூடினால் அந்தப் பல் முதலில் முட்டும். சோற்றைக் கடிக்கவும் இயலாது. எலும்பினுள் அடைபட்ட சீழின் அழுத்தத்தால் உண்டாகும் வலி, இடைவிடாது விண் விண் என்று தெறிக்கும். பின்னர்ச் சீழ் எலும்பைத் துளைத்துக்கொண்டு ஈறுக்கோ, கன்னத்துக்கோ வெளிவரும், முகம் வீங்கும், அழுத்தம் தணிவதால் வலி மீண்டும் குறையும். இது இரண்டாவது ஏமாற்றம். ஈற்றில் ஒரு சிறு கொப்புளம் தோன்றி உடைந்து, உப்புக் கரிப்பான கெட்ட நீர் வாயில் ஊறுவதும் உண்டு. அந்தக் கொப்புளம் ஆறும், மீண்டும் வரும், மீண்டும் ஆறும். இரண்டு முறை வலி குறைந்தபோதும் நோய் ஒரு படி முன்னேறியிருக்கின்றது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

எந்தக் கட்டி, எந்தப் பல்?

சீழ்க்கட்டி எல்லாம் ஒரே வகை அல்ல. வேர் நுனியில் வருவது ஒன்று. ஈறு பல்லை விட்டு விலகிப் பை போல ஆகி, அதில் காரையும் அழுக்கும் சேர்ந்து கட்டுவது மற்றொன்று. இதில் பல் சொத்தையின்றி நன்றாகவே இருக்கும், ஆனால் ஆடும். முப்பது வயதுக்கு மேற்பட்டோரிடமும், புகையிலை போடுவோரிடமும், சர்க்கரை நோயாளிகளிடமும் இதை மிகுதியாகக் காண்கிறோம். மூன்றாவது, அறிவுப் பல் பாதி முளைத்து நிற்கும்போது அதன் மேல் மூடியுள்ள ஈற்றின் அடியில் உணவு தங்கிச் சீழ் பிடிப்பது. இது பதினெட்டு முதல் இருபத்தைந்து வயதுப் பிள்ளைகளுக்கு வருவது. வாயைத் திறக்க முடியாமல் தாடை இறுகிவிடும்.

பல் மருத்துவர் இவற்றை எவ்வாறு பிரித்தறிகின்றார் என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது. அவர் செய்வதன் காரணம் விளங்கினால் அச்சம் குறையும். முதலில் எந்தப் பல் என்று கேட்பார். பிறகு கண்ணாடிக் கருவியின் காம்பால் பற்களை ஒவ்வொன்றாக மெல்லத் தட்டுவார். வேரில் சீழுள்ள பல்லைத் தட்டியதும் நோயாளி துள்ளுவார். அடுத்து, குளிரூட்டிய பஞ்சைப் பல்லின்மேல் வைத்துப் பார்ப்பார். குளிர்ச்சியை உணர்ந்தால் பற்கூழ் உயிரோடிருக்கிறது. சிறிதும் உணரவில்லையென்றால் இறந்துவிட்டது எனலாம். மெல்லிய அளவுகோலை ஈற்றுக்கும் பல்லுக்கும் இடையே விட்டு, பை எவ்வளவு ஆழம் என்று அளப்பார். பின்பு எக்ஸ்ரே படம் எடுப்பார். வேர் நுனியைச் சுற்றி எலும்பு கரைந்திருந்தால், படத்தில் அவ்விடம் கறுத்துத் தோன்றும். நோய் புதிதாக வந்தபோது படத்தில் ஒன்றும் தெரியாமலிருக்கலாம். எலும்பு போதிய அளவு கரைந்த பிறகே நிழல் விழும். ‘படத்தில் ஒன்றுமில்லை, ஆகவே பல்லில் ஒன்றுமில்லை’ என்று எவரும் முடிவு செய்துவிட வேண்டாம்.

ஈற்றில் துளை ஒன்றிலிருந்து சீழ் கசிந்து, எந்தப் பல்லிலிருந்து வருகிறது என்று தெரியாத போது, மருத்துவர் அந்தத் துளையில் ரப்பர் போன்ற மெல்லிய குச்சியொன்றைச் செலுத்திப் படம் எடுப்பதுண்டு. குச்சியின் முனை குற்றவாளிப் பல்லின் வேரில் போய் நிற்கும். வாய்க்காலில் கசிவு எங்கே என்று அறியச் சாயம் கலந்து விடுவதற்கு ஒப்பான வேலை இது.

இங்கே இரண்டு செய்திகளைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். கிராமப்புறங்களில் இவ்விரண்டிலும் நோய் தவறி அறியப்படுகின்றது. மோவாயிலோ, தாடையின் கீழோ தோலில் ஒரு துளை விழுந்து மாதக்கணக்கில் சீழ் வடிகின்றது. தோல் கட்டி என்று எண்ணிப் பற்றுப் போடுகின்றனர், களிம்பு தடவுகின்றனர், சிலர் கீறிக்கொள்ளவும் செய்கின்றனர். அது ஆறுவதில்லை. பல் வலிக்காததால் பல்லின்மேல் எவருக்கும் ஐயம் எழுவதில்லை. கீழ் முன்பல்லின் வேரிலுள்ள சீழ் மோவாய்த் தோலைத் துளைத்து வெளிவந்திருக்கும். அந்தப் பல்லுக்கு முறையான சிகிச்சை செய்துவிட்டால், தோலுக்கு ஒரு மருந்தும் வேண்டாமலே சில வாரங்களில் அத்துளை மூடிக்கொள்ளும். மற்றொன்று, சொத்தையே இல்லாத முன்பல். மாட்டின் கொம்பு இடித்தது, அடிகுழாயின் கைப்பிடி எகிறி அடித்தது, மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தது என்று என்றோ ஒரு நாள் அடிபட்ட பல், சில ஆண்டுகள் கழித்துக் கறுத்து, வேரில் சீழ் கட்டும். அடிபட்ட நாளை நோயாளியே மறந்திருப்பார். கேட்டால்தான் நினைவு வரும்.

குழந்தைகளுக்குக் கன்னம் வீங்கினால் பொன்னுக்கு வீங்கி என்று எண்ணி, கழுத்தில் பொன் சங்கிலியை அணிவித்துவிட்டுக் காத்திருக்கும் வழக்கம் உண்டு. பொன்னுக்கு வீங்கியின் வீக்கம் காதின் முன்புறமும் கீழ்ப்புறமும் தோன்றும். பெரும்பாலும் இரு பக்கமும் வரும். பல்லைத் தட்டினால் வலிக்காது. பல் கட்டியின் வீக்கம் ஒரு பக்கமே இருக்கும். வாயைத் திறந்து பார்த்தால் அந்தப் பக்கத்தில் சொத்தைப் பல்லும் ஈற்றில் புடைப்பும் தெரியும். தாய்மார்கள் ஒரு கைவிளக்கை வைத்துக்கொண்டு பார்த்தாலே போதும்.

மருந்துக் கடை மாத்திரை

இனிச் சிகிச்சையைப் பார்ப்போம். முகம் வீங்கியவுடன் நாம் முதலில் செல்லுமிடம் மருந்துக் கடை. அங்கே காகிதத்தில் மடித்துக் கொடுக்கப்பெறும் நான்கைந்து மாத்திரைகளில் அமாக்சிசிலின் போன்ற கிருமிக்கொல்லி ஒன்றும், வலி மாத்திரை ஒன்றும் இருக்கும். சில வேளைகளில் ஸ்டீராய்டு மாத்திரையும் சேர்ந்துவிடும். இரண்டு நாளில் வீக்கம் வடிகின்றது. மாத்திரையை நிறுத்திவிடுகிறோம். மூன்று மாதம் கழித்து மீண்டும் வீக்கம். மீண்டும் அதே கடை.

மருந்து ஏன் நோயை வேரறுக்கவில்லை? மருந்து உடலெங்கும் இரத்தத்தின் வழியாகவே செல்கின்றது. பற்கூழ் இறந்த பல்லினுள் இரத்த ஓட்டமே இல்லை. வாய்க்கால் தூர்ந்துபோன கடைமடை வயலுக்கு, அணையில் எவ்வளவு நீர் திறந்தாலும் என்ன பயன்? கிருமிகள் அந்தப் பல்லின் உள்ளே பத்திரமாக இருக்கின்றன. சுற்றிலும் பரவியவை மட்டுமே மருந்தால் மடிகின்றன. மேலும், அரைகுறையாக உண்ட மருந்துக்குத் தப்பிய கிருமிகள் அம்மருந்தை எதிர்த்து வாழப் பழகிவிடுகின்றன. பின்னர் ஒரு நாள் உயிர் காக்க அதே மருந்து தேவைப்படும்போது அது வேலை செய்யாது. இவை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத மருந்துகள் என்பது சட்டம். ஸ்டீராய்டோ இன்னும் கேடு. வீக்கத்தை மறைத்துவிட்டு, உடலின் எதிர்ப்பைத் தணித்துச் சர்க்கரையை ஏற்றிவிடும்.

ஆகவே, சீழ்க்கட்டிக்கு முதற் சிகிச்சை சீழை வெளியேற்றுவதும், அது பிறக்கும் இடத்தை ஒழிப்பதுமே. இதற்கு மூன்று வழிகள் உள்ளன. கட்டி மென்மையாகப் பழுத்து நின்றால், மரப்பு ஊசி போட்டுக் கீறிச் சீழை வடித்துவிடுவர். சீழ் வெளியேறிய கணமே நோயாளியின் முகம் தெளிவதைப் பார்த்தவர்களுக்கு, அது எத்தகைய விடுதலை என்பது தெரியும். பல்லைக் காப்பாற்ற இயலுமாயின் வேர்ச் சிகிச்சை செய்வர். பல்லில் துளையிட்டு, அழுகிய பற்கூழை மெல்லிய அரங்களால் எடுத்து, வேரின் குழாய்களை மருந்து நீரால் கழுவி, கிருமி ஒழிந்தபின் அடைத்துவிடுவர். அடைக்கும் பொருளைக் கட்டாபெர்ச்சா என்பர். மலேயாக் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பாலிலிருந்து கிடைப்பது. அந்த மரம் நம் ஊர் இலுப்பையின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது கேட்க வியப்பாயிருக்கும். வேர்ச் சிகிச்சை செய்த கடைவாய்ப் பல் வலுக்குறைந்து பிளந்துவிடக்கூடும்; ஆகையால் அதன்மேல் உறை போட்டுக்கொள்ள வேண்டும். உறை போடாமல் விட்டுவிட்டு, பல் பிளந்தபின் சிகிச்சையைக் குறை கூறுவோர் பலர்.

பல் மிகவும் சிதைந்திருந்தாலோ, பல முறை வந்து போக வசதியில்லை என்றாலோ, அதை எடுத்துவிடுவதே நேரான வழி. ‘வீக்கம் இருக்கும்போது பல்லை எடுக்கக் கூடாது’ என்பது நம் நாட்டில் வேரூன்றிய கருத்து. இன்றைய மருத்துவ அறிவு அதை ஏற்கவில்லை. பல்லை மரக்கச் செய்ய முடிந்து, வாயையும் திறக்க முடியுமானால், நோயின் மூலத்தை விரைவில் அகற்றுவதே பரவுவதைத் தடுக்கும். சீழ் பிடித்த இடத்தில் மரப்பு மருந்து நன்றாக வேலை செய்யாது என்பது உண்மை. அதனால் மருத்துவர் சற்றுத் தள்ளி, நரம்பு வரும் வழியில் ஊசி போடுவார்.

கிருமிக்கொல்லி மருந்து அறவே வேண்டாம் என்று நாம் சொல்வதாக எவரும் கொள்ள வேண்டாம். காய்ச்சல் இருந்தாலும், வீக்கம் பரவினாலும், நோயாளி சர்க்கரை போன்ற பிணியால் எதிர்ப்பாற்றல் குறைந்தவராயினும் அது தேவை. பெரியவர்களுக்கு அமாக்சிசிலின் 500 மில்லிகிராம் வேளைக்கு ஒன்றாக நாளுக்கு மூன்று வேளை, மூன்று முதல் ஐந்து நாள் வரை மருத்துவர் எழுதிக் கொடுப்பது வழக்கம். பெனிசிலின் ஒவ்வாதவர்கள் அதை முன்னரே சொல்லிவிட வேண்டும். சொன்னால் வேறு மருந்து தருவார்கள்.

மருத்துவரை அடையும் வரை வீட்டில் செய்யத்தக்கது என்ன? இளஞ்சூடான உப்பு நீரால் வாய் கொப்பளிக்கலாம். பாராசிட்டமால் உண்ணலாம், பெரியவர்களுக்கு ஒரு நாளில் மொத்தம் 4 கிராமுக்கு மேற்படக் கூடாது, ஈரல் நோய் உடையவர்கள் அதிலும் குறைத்துக்கொள்ள வேண்டும். ஐபுபுரூபன் நன்றாக வலி தணிக்கும்; ஆனால் சிறுநீரக நோய், குடற்புண் உடையவர்களும் கருவுற்ற பெண்களும் அதைத் தவிர்க்க வேண்டும். கிராம்புத் தைலம் சிறிது நேரம் வலியை மரக்கச் செய்யும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. எருக்கம்பாலைப் பல்லில் விடுவதும், ஆஸ்பிரின் மாத்திரையைப் பொடித்து ஈற்றில் அப்புவதும், புகையிலையை அடக்கிக்கொள்வதும் ஈற்றை வேக வைத்துவிடும். பிறகு பல் வலியோடு ஈற்றுப் புண்ணும் சேர்ந்துகொள்ளும். கன்னத்தின்மேல் சூடான ஒத்தடம் கொடுப்பதும் வேண்டாம். சீழ் வெளிப்புறத் தோலை நோக்கி வர அது வழி செய்யலாம்.

பல் எடுக்க வருவோர் பட்டினியாக வருவது மற்றொரு வழக்கம். மரப்பு ஊசிக்குப் பட்டினி தேவையில்லை. உண்டுவிட்டே வர வேண்டும்; சர்க்கரை நோயாளிகள் தம் மாத்திரையையும் ஊசியையும் நிறுத்தாமல் வர வேண்டும். எடுத்தபின் பஞ்சை அரை மணி நேரத்திற்குக் குறையாமல் கடித்திருக்க வேண்டும். அன்று முழுவதும் காறித் துப்புவதும், கொப்பளிப்பதும், வெற்றிலை புகையிலை போடுவதும், பீடி பிடிப்பதும் கூடா. குழியில் உறைந்த இரத்தமே புண்ணை மூடும் இயற்கையான கட்டு. அதைத் துப்பிவிட்டால் எலும்பு வெளிப்பட்டு, முன்பிருந்ததைவிடக் கொடிய வலி வரும்.

ஒரு நிமிடமும் தாமதிக்கலாகாத நிலை

கீழ்த் தாடையின் கடைசி இரண்டு கடைவாய்ப் பற்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வாயின் தரையாக அமைந்துள்ள தசை தாடையில் ஒட்டுமிடத்திற்குக் கீழே அப்பற்களின் வேர்கள் இறங்கியிருக்கின்றன. அங்கே கட்டும் சீழ் வாயினுள் வராமல் நேரே கழுத்துக்கு இறங்கிவிடும். ஜெர்மனி நாட்டு மருத்துவர் லுட்விக் 1836-இல் இதை விவரித்ததால் அவர் பெயராலேயே இந்நோய் வழங்குகின்றது. கிருமிக்கொல்லி மருந்துகள் வருவதற்கு முன் இந்நோய் கண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இறந்தனர். இன்று பத்தில் ஒருவருக்கும் குறைவானவர்களே இறக்கின்றனர். எனினும் அது காலத்தில் வந்து சேர்ந்தவர்களின் கணக்கு.

மோவாய்க்கு அடியில் இரு புறமும் வீங்கிப் பலகைபோல் கெட்டியாதல், நாக்கு மேலெழும்பி வாயில் அடங்காதிருத்தல், எச்சிலை விழுங்க முடியாமல் வடியவிடுதல், குரல் மாறுதல், மூச்சுத் திணறல், இரண்டு விரல் நுழையும் அளவும் வாய் திறக்க முடியாமை, குளிர் காய்ச்சல், கண் மூடும் அளவு வீக்கம், பிதற்றல் ஆகிய குறிகளில் ஒன்றைக் கண்டாலும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே 108-ஐ அழைத்து, மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கொண்டு செல்ல வேண்டும். நோயாளியை மல்லாத்திப் படுக்க வைக்காதீர்கள். நாக்கு பின்னுக்குச் சரிந்து மூச்சை அடைத்துவிடும். சாய்த்து உட்கார வைத்தே கொண்டு செல்லுங்கள். இந்த ஒரு பத்தியை ஊராட்சி அலுவலகத்தில் எழுதி ஒட்டினாலும் நன்று.

பிள்ளைகளின் பல்

‘விழுகிற பல்தானே, எதற்குச் சிகிச்சை?’ என்று பால் பல்லைப் பற்றிக் கூறுகின்றோம். பின்புறப் பால் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை வாயில் இருக்க வேண்டியவை. அவற்றின் வேர்களுக்கு இடையேதான் நிலைப்பல்லின் மொட்டு வளர்கின்றது. மேலே சீழ் கட்டினால் கீழேயுள்ள மொட்டு கெட்டு, பின்னர் முளைக்கும் பல் கறையும் பள்ளமுமாக வரும். இன்னொன்று: ஆறு வயதில், எந்தப் பல்லும் விழாமலே, பால் பற்களுக்குப் பின்னால் புதிதாக ஒரு கடைவாய்ப் பல் முளைக்கின்றது. அது வாழ்நாள் முழுவதும் இருக்க வேண்டிய நிலைப்பல். அதையும் பால் பல் என்று பெற்றோர் எண்ணிவிடுவதால், பத்து வயதிற்குள் சொத்தையாகிப் பிடுங்கப்படுவதும் அதுவே. இந்தப் பல்லைக் காப்பாற்றிய ஊராட்சி பெரும் செல்வத்தைக் காப்பாற்றியது என்று நாம் கருதுகிறோம்.

ஊராட்சியால் ஆவது

1953-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகப் பல் மருத்துவக் கல்வி தொடங்கியது. இன்று சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை ஆகிய இடங்களில் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும், மேம்படுத்தப்பட்ட பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பல் மருத்துவர்கள் பணியாற்றுகின்றனர். ஆயினும், தம் ஒன்றியத்தில் எந்த நிலையத்தில், எந்தக் கிழமைகளில் பல் மருத்துவர் இருப்பார் என்பது ஊரில் பலருக்குத் தெரியாது. உறுப்பினர்கள் நேரில் விசாரித்து, அந்த விவரத்தையும் பேருந்து நேரத்தையும் நியாய விலைக் கடையிலும், பால் சங்கத்திலும் எழுதி வைக்கலாம். செலவு ஒரு சுண்ணாம்புக் கட்டி. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு, பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வந்து பிள்ளைகளைச் சோதிக்கும்போது பல்லையும் பார்க்க வேண்டியவர்கள். அவர்கள் எழுதிக் கொடுக்கும் சீட்டுகளில் எத்தனை பிள்ளைகள் மருத்துவமனைக்குச் சென்றார்கள் என்று கிராம சபையில் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். சீட்டு பிள்ளையின் புத்தகப் பையிலேயே கிடப்பது நமக்குத் தெரியவரும்.

சந்தை நாட்களில் பெட்டியுடன் வந்து பல் பிடுங்குவோரையும், ‘ஒரு மணி நேரத்தில் நிலையான பல்’ என்று கட்டித் தருவோரையும் கண்டிருப்பீர்கள். அவர்கள் பிளாஸ்டிக் மாவைக் குழைத்துப் பக்கத்துப் பற்களோடும் ஈற்றோடும் ஒட்டிவிடுகின்றனர். அதன் அடியில் உணவு அழுகி, நல்ல பற்களின் வேர்களிலும் சீழ் கட்டி, ஒரு பல் இழந்தவர் நான்கு பல் இழக்கின்றார். பதிவு பெறாதவர்கள் பல் சிகிச்சை செய்வதை 1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம் முதற்கொண்டே சட்டம் தடை செய்கின்றது. சந்தையைக் குத்தகைக்கு விடும் ஊராட்சி, இவர்களுக்கு இடம் கொடாதிருக்கலாம் அல்லவா?

பேச்சுக்கு இடையே அன்பர்கள் சில கேள்விகளைச் சீட்டில் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். கருவுற்ற பெண்ணுக்குப் பல் சிகிச்சை செய்யலாமா என்று ஒரு தாய் கேட்கிறார். செய்யலாம். நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை மிகவும் வசதியான காலம். சீழ் கட்டியிருந்தால் எந்த மாதமானாலும் காத்திருக்கக் கூடாது. கருவுற்றிருப்பதை மருத்துவரிடம் சொன்னால், அதற்கேற்ற மருந்துகளை அவர் தேர்ந்துகொள்வார்.

மேல் வரிசைப் பல்லை எடுத்தால் கண் பார்வை போய்விடும் என்கிறார்களே, உண்மையா என்று உழவர் ஒருவர் கேட்டிருக்கிறார். இந்த அச்சத்தினாலேயே பலர் சீழ்ப் பல்லை ஆண்டுக்கணக்கில் வாயில் வைத்திருக்கின்றனர். பார்வைக்குரிய நரம்பு வேறு. பல்லுக்குரிய நரம்பு வேறு. பல்லை எடுப்பதனால் பார்வை குறைவதில்லை. மாறாக, மேல் கோரைப்பல்லின் வேரில் கட்டிய சீழே கண்ணின் கீழ் ஏறி இமையை மூடச் செய்கின்றது. மிக அரிதாக, முகத்தின் இரத்தக் குழாய்கள் வழியே மூளையின் அடிப்பகுதி வரை சென்று கண்ணையும் உயிரையும் பறிக்கின்றது. அந்தப் பல்லை எடுத்துச் சீழை வடித்தபின், மூடியிருந்த கண் ஓரிரு நாளில் திறந்துகொள்வதையே நாம் மருத்துவமனைகளில் காண்கின்றோம்.